வாட்டம் கேட்காமல் ஓடு விற்கிறார்கள்

போர்டிகோவுக்கு மங்களூர் ஓடு போட ஆசை. சுவரிலிருந்து 10 அடி வெளியே வருகிறது, உயரம் ஒன்றரை அடிதான் கொடுக்க முடியும். எந்த ஓடு வாங்கலாம்? (கும்பகோணம் வாசகர்)

இந்த வாட்டத்துக்கு, அதாவது கூரையின் சரிவுக்கு, ஓடே வேண்டாம். 10 அடிக்கு ஒன்றரை அடி என்றால் எட்டு, எட்டரை டிகிரிதான் வரும். மங்களூர் ஓட்டுக்கு 30 டிகிரியாவது வேண்டும், அதாவது 10 அடிக்கு 6 அடி உயரம். பழைய ஓட்டு வீடுகளில் தாழ்வாரத்துக்குள் குனிந்துதானே நுழைந்தோம்? கூரையை அவ்வளவு சரித்து இறக்கியதால்தான்.

மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது ஏறி உட்காருவது மூன்று விரற்கடை அளவுதான். சரிவு இருந்தால் மழை அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். படுத்த கூரையில் தண்ணீர் தயங்கும். அந்த நேரம் எதிர்ச்சாரல் அடித்தால், தண்ணீர் மூன்று விரற்கடையையும் ஏறி உள்ளே சொட்டும். ஓடு எவ்வளவு உசத்தியானாலும் இதே கதைதான்.

ஓட்டுக் கடைகளில் சதுர அடி கேட்கிறார்கள், நிறம் கேட்கிறார்கள், லோடு எந்த ஊருக்கு என்று கேட்கிறார்கள். வாட்டம் எவ்வளவு என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. இது எனக்குப் பல வருஷத்து ஆத்திரம். 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிச் செய்த ஓடு இது. அந்தப் பக்கத்துப் பழைய கூரைகள் எவ்வளவு செங்குத்து என்று பாருங்கள். அதையே படுத்த போர்டிகோவுக்கு அழகு என்று சொல்லி விற்றுவிட்டு, ஒழுகினால் கொத்தனாரைக் கைகாட்டுவது அநியாயம்.

உங்களுக்கு ஒட்டு இல்லாத ஒரே நீள ஷீட் போதும். ஓடுதான் வேண்டுமென்றால் சாய்வாகக் கான்கிரீட் போட்டு, நீர்க்காப்புப் பூச்சு செய்து, அதன் மேல் அழகுக்கு ஓடு பதியுங்கள்.

பெயின்ட் அடித்த ஓடு நிறம் மங்காது என்கிறார்கள். வாங்கலாமா? (தென்காசி வாசகர்)

பெயின்ட் அடிக்காத ஒன்றைக் கேட்டு வாங்கிச் சோதித்த பிறகு முடிவு செய்யுங்கள். பின்கட்டுக்கு நான் செம்மண் நிறம் பூசிய ஓடு வாங்கினேன். முதல் ஐப்பசி மழையிலேயே அடிப்பக்கம் ஊறிக் கறுத்து, அம்மாவின் கட்டில் மேல் சொட்டியது. ஒன்றை உடைத்துப் பார்த்தேன், நடுவில் வேகவே இல்லை. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது.

தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். காய்ந்த ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி போடுங்கள். ஓட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 654-இன்படி 20 சதவீதத்துக்கு மேல் குடிக்கக் கூடாது. இரண்டரை கிலோ ஓடு மூன்று கிலோவைத் தாண்டினால் திருப்பிக் கொடுங்கள்.

பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்றார்கள், 2,000 ஓடு இறக்கினேன். பாதி கோணல். மாற்ற மறுக்கிறார்கள். (திண்டுக்கல் வாசகர்)

இறக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். பில்லும் இல்லை. நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பழைய ஓட்டுக் கூரையில் நடுவில் இரண்டு கண்ணாடி ஓடு போடலாமா? (காரைக்குடி வாசகர்)

போடலாம். கையோடு ஒரு பழைய ஓட்டைக் கொண்டுபோங்கள். அச்சு மாறினால் பள்ளம் பொருந்தாது.

“எந்த வாட்டத்துக்கும் ஒழுகாது” என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்த கடையில் ஓய்வூதியப் பணத்தில் வாங்கினேன். வீடு முழுக்க ஒழுகுகிறது. கடைக்காரர் கொத்தனாரைச் சொல்கிறார், கொத்தனார் ஓட்டைச் சொல்கிறார். (நாகப்பட்டினம் வாசகர்)

ஐயா, உங்கள் மேல் தப்பே இல்லை. அந்த பில்லைப் பத்திரமாக வையுங்கள். பிரித்து மாற்றும் முன் ஒழுகும் இடங்களைப் படமெடுங்கள், ஒரு பொறியாளரிடம் வாட்டத்தை அளந்து எழுதி வாங்குங்கள். இருவருக்கும் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அப்புறம் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இருவர் மீதும் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் பேசிப் பாருங்கள், தமிழிலேயே பேசலாம்.