4 வயசு, 7 வயசு பிள்ளைங்களோட பழைய கோட்டை, இடிபாடுகள்னு டூர் போகலாமா, எப்படி பிளான் பண்றது?

தாராளமா போகலாம், ஆனா ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம்தான், அதுக்கு மேல போட்டீங்கன்னா கடைசில சின்னதைத் தூக்கிட்டு நடக்கப்போறது நீங்கதான். காலைல கேட் திறக்கறப்பவே உள்ள போயிடுங்க, வெயிலும் கூட்டமும் கம்மியா இருக்கும், மதியம் ரூமுக்கு வந்து தூங்க விட்ருங்க.

வருஷம், ராஜா பேருன்னு சொன்னா பசங்க மண்டைல ஏறாது, தேடறதுக்கு ஏதாவது குடுங்க. இத்தாலில இருக்கற பாம்பெய் எடுத்துக்கங்க, கிபி 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சு சாம்பல்ல புதைஞ்சுபோன ஊரு, அங்க தெருவுக்குக் குறுக்க பெரிய பெரிய கல்லா போட்டிருக்கும், தெருவுல ஓடற அழுக்குத் தண்ணி கால்ல படாம தாண்டறதுக்கு. வண்டி போய்ப்போய் தரைக்கல்லுல சக்கரத்தடம் பள்ளமாவே விழுந்திருக்கும். "தடம் எங்கன்னு கண்டுபிடி"ன்னு விட்டுப் பாருங்க, நேரம் போறதே தெரியாது. ஒரு வீட்டு வாசல் தரைல சின்னச்சின்ன கல்லு பதிச்சு சங்கிலி கட்டின நாய் படம், கீழ லத்தீன்ல 'நாய் ஜாக்கிரதை'! பெரியவங்களே நின்னு போட்டோ எடுப்பாங்க.

கல் பாவின தெருவுல ஸ்ட்ரோலர் சரிப்படாது, சின்னதுக்கு முதுகுல மாட்டற கேரியர்தான் பெஸ்ட்.

உயரமான மலை ஊருன்னா முதல் நாள் எதுவும் பிளான் பண்ணாதீங்க, உடம்பு அந்த உயரத்துக்குப் பழகணும். பெரு நாட்டுல மலை மேல இருக்கற பழைய இன்கா ஊரு மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், ஆனா போற வழில வர்ற குஸ்கோ நகரம் 3,400 மீட்டர், தலைவலியே அங்கதான் ஆரம்பிக்கும், ரொம்பச் சின்னக் குழந்தைன்னா கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

அப்புறம் டாய்லெட், உள்ள நுழையறப்பவே எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்கங்க.