ஆசிரியராகிவிட்ட மாணவர்

வணக்கம் ஐயா,

இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். தரவையும் அதன் மீதான செயல்களையும் ஆப்ஜெக்ட் என்று ஒன்றாகக் கட்டி எழுதும் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் நிரலாக்கத்தின் நான்கு தூண்களையும், அதாவது நான்கு அடிப்படைக் கருத்துகளையும், எந்த நேர்காணலிலும் தடுமாறாமல் சொல்வேன். ஆனால், கல்லூரி நூலகத்துக்கு ஜாவாவில் ஒரு நிரல் எழுத உட்கார்ந்தபோது திணறிவிட்டேன். ‘உறுப்பினர்’ என்று ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சு), அதன் கீழ் ‘மாணவர்’, ‘ஆசிரியர்’ என்று இரண்டு. பாடமும் நடத்துகிற ஆராய்ச்சி மாணவரை எதில் சேர்ப்பது? எனக்குப் புரியாதது, ஒரு கிளாஸ் இன்னொன்றின் வாரிசாகி அதன் இயல்புகளைப் பெறும் இன்ஹெரிடன்ஸ் மட்டும்தானா, அடிப்படையே புரியவில்லையா?

ச.

அன்புள்ள ச.,

இந்த இடத்தில் திணறியது நல்லதுதான். இன்னொரு சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் படிப்பை முடித்து அதே கல்லூரியில் ஆசிரியராகச் சேர்கிறார். ஜாவாவில் ஓர் ஆப்ஜெக்ட் உருவான பிறகு அதன் கிளாஸை மாற்ற முடியாது. பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கி, அவர் திருப்பித் தராத நூல்கள், கட்டாத அபராதம் எல்லாவற்றையும் அதற்குள் சுமந்து வர வேண்டும். ஆனால் ஆள் அதே ஆள்தானே! மாறியது நூலகம் அவருக்கு வைத்திருக்கும் விதி மட்டும். எத்தனை நூல், எத்தனை நாள், தாமதித்தால் எவ்வளவு என்பதையெல்லாம் ‘இரவல் விதி’ என்று தனி ஆப்ஜெக்டாக்கி உறுப்பினரிடம் கொடுத்துவிடுங்கள். வேலையில் சேரும் நாளில் அந்த ஒன்றை மாற்றினால் போதும். ஆராய்ச்சி மாணவருக்கும் ஒரு விதி எழுதிக்கொள்ளலாம்.

‘நாய் ஒரு விலங்கு, கார் ஒரு வாகனம்’ என்று தொடங்கும் பாடங்களின் மேல் எனக்குக் கோபம் உண்டு. உலகத்தை வகைப்படுத்துவதுதான் வேலை என்று அவை பழக்கிவிடுகின்றன. 1972இல் கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் எழுதிய ஒரு கட்டுரை வேறு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஒரு சிறிய அகரவரிசை அட்டவணை நிரலை அவர் இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். வேலை நடக்கும் வரிசைப்படி பிரித்தபோது, வரிகள் நினைவகத்தில் எப்படிச் சேமிக்கப்படுகின்றன என்பது ஏறக்குறைய எல்லாப் பகுதிகளுக்கும் தெரிந்திருந்தது. அதை மாற்றினால் எல்லாவற்றையும் தொட வேண்டும். இன்னொரு முறையில், மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் ஒளித்துவைத்தார். நான்கு தூண்களை விட்டுவிட்டு இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்: நாளை எது மாறும், அது இன்று யார் யாருக்குத் தெரிந்திருக்கிறது?

உங்களுக்கு நேர்ந்தது பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ஜாவாவோடு வரும் ஸ்டாக் என்ற கிளாஸைப் பாருங்கள். தட்டுகளை அடுக்குவது போல, கடைசியாக வைத்ததே முதலில் வெளியே வர வேண்டும். 1996இல் வெளிவந்த முதல் ஜாவாவிலேயே அதை வெக்டர் என்ற பட்டியலின் வாரிசாக எழுதிவிட்டார்கள். வாரிசு என்றால் சொத்து முழுவதும் வந்து சேரும். அதனால் அடுக்கின் நடுவே செருகலாம், அடியிலிருந்தும் உருவலாம். பிறகு அடுக்கு எதற்கு? வெக்டரை உள்ளே வைத்துக்கொண்டு, அடுக்குக்கு உரிய சில மெத்தட்களை (செயல்களை) மட்டும் வெளியே காட்டியிருக்கலாம். இப்போது திருத்தினால் அதை நம்பி எழுதிய பழைய நிரல்கள் உடையும் என்பதால் அது அப்படியே இருக்கிறது. ஜாவாவின் ஆவணமே வேறொன்றைப் பயன்படுத்தச் சொல்கிறது.

இன்ஹெரிடன்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாய் கிளாஸ் தரும் ஒவ்வொரு வாக்குறுதியையும் பிள்ளை காப்பாற்றும் இடத்தில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அப்படிப்பட்ட இடங்கள் குறைவு.

‘மாணவர்’, ‘ஆசிரியர்’ கிளாஸ்களை எடுத்துவிட்டு நிரலை மறுபடி எழுதுங்கள். முடித்ததும், விடுமுறை நாட்களுக்கு அபராதம் கிடையாது என்று விதியை மாற்றிப் பாருங்கள். எத்தனை கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.