கேம் மேசை: வாசகர் கேள்விகள், சுங்கை சிப்புட் அக்காவின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கேமுக்குள் எப்படிப்பட்ட பாத்திரங்கள் வரலாம், எப்படிப்பட்டவை வரக்கூடாது, அப்படி வந்த கேமுக்கு ஏன் விருது. என் கடையிலும் இதே சண்டைதான். கணினி பழுதுபார்க்கிற கடை என்றாலும், பள்ளி விட்டதும் பின்னறையில் பிள்ளைகள் விளையாட வருவார்கள். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் நியாயம் கேட்பார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

தாப்பாவிலிருந்து ஐந்தாம் படிவ மாணவன்: அக்கா, 2020-இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கியது. எனக்கும் நண்பர்களுக்கும் அது பிடிக்கவே இல்லை. நாங்கள் எல்லாரும் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' பக்கம். அரசியலுக்காகக் கொடுத்த விருதுதானே அது?

தம்பி, விருதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று முதலில் பார். தி கேம் அவார்ட்ஸ், ஜெஃப் கீலி 2014-இல் தொடங்கிய விழா. பெரும்பாலான பிரிவுகளில் 90 விழுக்காடு எடை நடுவர் குழுவின் வாக்குக்கு; பல நாடுகளின் கேம் பத்திரிகைகளும் ஊடகங்களும் சேர்ந்த குழு அது. பொதுமக்கள் வாக்குக்கு 10 விழுக்காடுதான். மக்களே முழுக்க முடிவு செய்கிற 'பிளேயர்ஸ் வாய்ஸ்' என்ற பிரிவு தனியாக உண்டு. 2020-இல் அதை வாங்கியது நீ சொல்கிற சுஷிமாவேதான். விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று பிடித்தது, உங்களுக்கு இன்னொன்று பிடித்தது, இரண்டுக்கும் விருது கிடைத்தது. இதில் மோசடி எங்கே வந்தது?

பிடிக்காமல் போனதற்கு உன்னிடம் நல்ல காரணம் இருக்கலாம். முதல் பாகம் முழுக்க நாம் கூடவே நடந்த ஜோயலைத் தொடக்கத்திலேயே அடித்துக் கொல்கிறார்கள். பிறகு, கொன்ற ஆபி என்ற பெண்ணாகவே பல மணி நேரம் நம்மை விளையாட வைக்கிறார்கள். எங்கள் கடைக்கு வருகிற ஒரு பையன் அந்த இடத்தில் நிறுத்தியவன், திரும்பத் தொடவே இல்லை. அவன் கோபத்தை மதிக்கிறேன். கதை அவனைக் காயப்படுத்தியது, அவன் எழுந்து போனான்.

மதிக்க முடியாதது வேறு. கேம் வெளியான 2020 ஜூன் 19 அன்றே, மதிப்பெண்களைத் தொகுக்கிற மெட்டாகிரிட்டிக் தளத்தில் பூஜ்யங்கள் வந்து குவிந்தன. முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிற கேம் அது. விளையாடி முடிக்காமலே போட்ட மதிப்பெண் எதற்கு? நாயகி எல்லி ஒரு பெண்ணைக் காதலிக்கிறாள், ஆபியின் தோள் அகலமாக இருக்கிறது, இதற்குத்தான் பலர் போட்டார்கள். அடுத்த மாதமே, கேம் வந்து 36 மணி நேரம் கழித்துத்தான் வாசகர்கள் மதிப்பெண் போடலாம் என்று மெட்டாகிரிட்டிக் விதியை மாற்றியது. ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டலே வந்தது. கதையை முடிவு செய்தவர் அவர் இல்லை, கொடுத்த பாத்திரத்தை நடித்தவர். அந்த ஆண்டின் சிறந்த நடிப்புக்கான விருதை அவருக்கு அறிவித்தபோது வீட்டில் உட்கார்ந்து கைதட்டினேன்.

அப்புறம், விளையாடுகிறவர்களுக்கு இந்த மாதிரிக் கதையே ஆகாது என்று யாராவது சொன்னால் 2023-ஐ எடுத்துக் காட்டு. 'பால்டர்ஸ் கேட் 3'-இல் நீ ஆணாக ஆடினாலும் பெண்ணாக ஆடினாலும் கூட வருகிற முக்கியத் தோழர்களில் யாரையும் காதலிக்கலாம். நடுவர்கள் தேர்ந்தெடுத்த ஆண்டின் சிறந்த கேம் அதுதான். மக்கள் கொடுத்த பிளேயர்ஸ் வாய்ஸும் அதற்குத்தான் போனது.

பீடோரிலிருந்து ஓர் இளைஞர்: 'டிராகன் ஏஜ்: த வெய்ல்கார்ட்' கதை மோசம் என்று சொன்னேன். நண்பர் ஒருவர், "உனக்கு அந்த மாதிரி ஆட்களைப் பிடிக்காது, அதான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நான் சொன்னது தவறா?

தவறில்லை தம்பி. தாஷ் என்ற பாத்திரத்தின் பகுதி எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் உங்களைவிட எனக்கு வருத்தம் அதிகம். ஊர் விட்டு ஊர் வந்த ஒரு தாய், அவள் கட்டிக்காக்கிற முறை தனக்கு ஒட்டாமல் வளர்ந்த பிள்ளை, தான் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று அந்தப் பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் சொல்கிற காட்சி. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த எந்த வீட்டிலும் இப்படி ஒரு சாப்பாட்டு நேரம் நடந்திருக்கும், விஷயம் மட்டும் வேறாக இருக்கும். அவ்வளவு நல்ல இடத்தை எடுத்துக்கொண்டு, அம்மாவையும் பிள்ளையையும் பேச விடாமல், நமக்குப் பாடம் நடத்துகிற வசனங்களாக எழுதிவிட்டார்கள்.

இதே தொடரின் முந்தைய கேமை விளையாடியிருக்கிறீர்களா? 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்', 2014. தி கேம் அவார்ட்ஸ் வரலாற்றிலேயே முதல் 'ஆண்டின் சிறந்த கேம்' அதுதான். அதில் கிரெம் வருகிறான். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவன், அயர்ன் புல் என்ற கூலிப்படைத் தலைவனுக்கு வலது கை. அவன் கதையைக் குடித்துச் சிரிக்கிற ஒரு மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். பிறகு ஒரு போரில் நாம் முடிவெடுக்க வேண்டும்: ஒரு பெரிய கூட்டணி வேண்டுமா, கிரெமும் அவன் கூட்டாளிகளும் உயிரோடு வேண்டுமா? நான் அந்தத் திரையில் கையை எடுத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதே கேமில் டோரியன் வருகிறான். ஆண்களை விரும்புகிற மகனை ரத்த மந்திரம் வைத்து மாற்றப் பார்த்த அப்பாவை, மதுக்கடை ஒன்றில் நேருக்கு நேர் பார்க்கிறான். அப்பா அழுகிறாரா, நடிக்கிறாரா என்று நமக்கே குழப்பமாக இருக்கும்.

பயோவேர் என்ற அதே நிறுவனம், அதே தொடர், அதே வகை மனிதர்கள். 2014-இல் உலகமே கைதட்டியது. 2025 ஜனவரியில், கேமை வெளியிட்ட இஏ நிறுவனம், வெய்ல்கார்டைத் தொட்டவர்கள் சுமார் 15 லட்சம் பேர், எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதி என்று அறிவித்தது. "பார்த்தாயா, இப்படிப்பட்ட ஆட்களைச் சேர்த்ததால் கேம் கவிழ்ந்தது" என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பியது. பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமாக நடுவில் திருப்பி, பிறகு மறுபடி தனியாள் கேமாக மாற்றிய தயாரிப்பு அது. 2023-இல் பயோவேர் சுமார் 50 பேரை வேலையிலிருந்து நீக்கியது. டிராகன் ஏஜ் கதைகளை நீண்ட காலம் எழுதிய ஒருவரும் அதில் போனார். எழுதத் தெரிந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, எழுத்து சரியில்லாததற்குப் பழியைத் தாஷ் தலையில் போடுவது எனக்கு ஆத்திரத்தை வரவைக்கிறது.

நண்பரிடம் திரும்பப் பேசுங்கள். எந்தக் காட்சி, எந்த வசனம், எப்படி எழுதியிருந்தால் உங்களுக்கு மனசில் பட்டிருக்கும் என்று சொல்லுங்கள். கிரெமைப் பற்றியும் சொல்லுங்கள். இவ்வளவும் கேட்ட பிறகும் அவர் அதையே சொன்னால், விட்டுவிடுங்கள்.

தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகர்: 'அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்' கேமில் ஜப்பானில் கறுப்பர் ஒருவர் சாமுராய். வரலாற்றைக் கெடுக்கிறார்கள் இல்லையா?

யாசுகே உண்மையில் வாழ்ந்தவர். யேசு சபைப் பாதிரியாரோடு 1579-இல் ஜப்பான் போனார். 1581-இல் ஓடா நொபுநாகா என்ற போர்த்தலைவரின் பணியில் சேர்ந்து சம்பளமும் வீடும் வாளும் பெற்றார். அவர் எந்தத் தகுதியில் இருந்தார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. நொபுநாகாவின் பக்கத்தில் இருந்தார் என்பதில் இல்லை.

அதே வாசகர்: ஸ்வீட் பேபி என்ற நிறுவனம்தான் எல்லாக் கேமிலும் புகுந்து பாத்திரங்களை மாற்றுகிறதாமே?

மொன்ட்ரியலில் இருக்கிற கதை ஆலோசனை நிறுவனம். கேம் செய்கிறவர்கள் கூப்பிட்டால் கருத்துச் சொல்வார்கள். ஏற்பதும் தள்ளுவதும் கூப்பிட்டவர் கையில். 'ஆலன் வேக் 2'-இன் நாயகி சாகாவை அவர்கள்தான் கறுப்பினப் பெண்ணாக மாற்றினார்கள் என்ற கதையை அந்தக் கேமின் இயக்குநரே மறுத்தார். 2023-இல் சிறந்த கதைக்கான விருதும் அந்தக் கேமுக்குத்தான்.

கோலகங்சார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நான்காம் படிவ மாணவி: அக்கா, கேமுக்குக் கதை எழுத ஆசை. நம் தோட்டத்தையே எழுதலாம் என்றால் அண்ணன், "அதை யார் விளையாடுவா? நீயும் அரசியல் பண்ணப் போறியா?" என்கிறார்.

தங்கச்சி, அண்ணன் போனில் 'மொபைல் லெஜண்ட்ஸ்' கேம் ஆடுகிறவர் என்றால் ஒன்று கேள். அதில் வருகிற கடோத்கசன் யார்? நம் மகாபாரதத்துப் பீமனின் மகன்தான், ஜாவாவின் வயாங் கூத்து வழியாக வந்து நிற்கிறான். அதிலேயே வருகிற பாடாங், பழைய மலாய்க் கதையின் வீரன். இவர்களை எடுத்து ஆடும்போது அரசியல் என்று யாரும் சொல்வதில்லை. நீ எழுதினால் மட்டும் எப்படி அரசியலாகும்?

'வெண்பா' கேமைத் தேடிப் பார். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களின் கடைசியில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம். அழிந்துபோன எழுத்துகள் உள்ள அம்மாவின் சமையல் குறிப்பைப் பார்த்து நாம் இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்ய வேண்டும். ஓரிரு மணி நேரக் கேம். தி கேம் அவார்ட்ஸில் இரண்டு பிரிவுகளில் பரிந்துரை. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தருகிற சிறந்த அறிமுகக் கேம் விருது. சுயாதீனக் கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் அந்த ஆண்டின் பெரிய பரிசும் அதற்குத்தான். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் மாவு நசுங்காது என்பதை ஒரு புதிராக மாற்றியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்று அந்த ஒரு தட்டிலேயே தெரிந்தது.

உன்னிடம் அதைவிடப் பெரிய பொருள் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயர் வரலாற்றில் வருவது 1948 ஜூன் 16-க்காக. எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவரைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள், மலாயாவில் அவசரகாலம் வந்தது. நான் படித்த பாடநூலில் அந்த மூவர் உண்டு. அன்று காலை கித்தா (ரப்பர்) காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் இல்லை. அதன் பிறகு, காட்டில் இருக்கிற கெரில்லாக்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று தோட்ட வாசலில் தொழிலாளிகளைச் சோதித்துத்தான் அனுப்பினார்கள். பசியோடு நாள் முழுக்க வெட்ட வேண்டும், வாசலில் சோதனை, காட்டுக்குள்ளே சொந்தக்காரன் ஒருவன். எதை ஒளிப்பாய், எதைச் சொல்வாய்? கேமுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஒன்று. உன் பாட்டியை நல்லவளாக மட்டும் எழுதிவிடாதே. கங்காணிக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்காரியைக் காட்டிக்கொடுத்தவளும் அந்த லயத்தில்தான் இருந்திருப்பாள், அவளுக்கும் பசித்த பிள்ளைகள் இருந்திருக்கும். அவளையும் விளையாட வை.

கதைக் கேம் செய்கிற மென்பொருள்களான ட்வைன், ரென்பை இரண்டும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போகிற காட்சியிலிருந்து ஆரம்பி: பால் சுமக்கிற காண்டா வாளி, உளி, தலைவிளக்கு, பெயர் கூப்பிடுகிற கிராணி. பாட்டி இருந்தால் அவரிடம் கேட்டு எழுது. பத்து நிமிடம் ஓடுகிற அளவுக்கு வந்ததும் எனக்கு அனுப்பு. கடையில் பிள்ளைகளை ஆட வைத்து, யார் எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அண்ணனையும் ஆட வை. அவர் ஆடும்போது பக்கத்தில் நின்று எதையும் விளக்கிச் சொல்லாதே.