வாசகர் கேள்வி–பதில்: டிக்கெட் வாங்கியும் அபராதமா?

கேள்வி: ஜெர்மனியின் பெருநகரம் ஒன்றில் நானும் மனைவியும் இயந்திரத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறினோம். முத்திரை இல்லை என்று பரிசோதகர் ஆளுக்கு 60 யூரோ அபராதம் விதித்துவிட்டார். இது நியாயமா?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் விதிப்படி அவர் செய்தது சரியே. அங்குள்ள நகர ரயில் நிலையங்களில் டிக்கெட்டைக் காட்டினால் திறக்கும் தடுப்புக் கதவுகள் கிடையாது. யாரும் நடைமேடைவரை தாராளமாக நடந்து போகலாம். நேரம் பதியாத டிக்கெட்டை ஒருவர் பல நாள் வைத்துக்கொண்டு பயணம் செய்துவிட முடியும் என்பதால், ரயில் ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் சிறு பெட்டியின் வாயில் அதைச் செருக வேண்டும். ‘டக்’ என்ற ஓசையோடு நாளும் நேரமும் பதிந்துவிடும். டிக்கெட்டில் ‘பிட்டே என்ட்வெர்ட்டன்’ என்றிருந்தால், முத்திரை பதியுங்கள் என்று பொருள். சில ஊர்களில் இயந்திரமே நேரத்தை அச்சிட்டுத் தந்துவிடுவதால், ஓர் ஊரில் பழகியதை நம்பி அடுத்த ஊரில் மாட்டிக்கொள்கிறோம். 2015 வரை 40 யூரோவாக இருந்த அபராதம் அவ்வாண்டில்தான் 60 ஆனது. வெளிநாட்டார், தெரியாது என்ற சமாதானம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. அந்தப் பெட்டியின் மேல் இன்னும் பெரிய எழுத்தில் அறிவிப்பு வைத்தால் என்ன என்று எனக்கும் தோன்றுவதுண்டு.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கொலோன் நகரில் இறங்குகிறோம். கடைகள் அடைத்திருக்கும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். ஞாயிறு ஓய்வு நாள் என்று ஜெர்மனி குடியரசானதும் 1919இல் இயற்றிய வைமார் அரசியல் சட்டம் 139ஆம் பிரிவில் வகுத்தது, இன்றைய அரசியல் சட்டத்திலும் அப்படியே நீடிக்கிறது. அவசரத்துக்கு ரொட்டியும் பாலும் ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளில் கிடைக்கும். நிலைய வாசலைத் தாண்டியதுமே, 1248இல் தொடங்கி 1880இல்தான் கட்டி முடித்த பேராலயம் கண்முன் நிற்கும்; காலையில் வழிபாடு நடக்கும் என்பதால் பிற்பகலில் செல்லுங்கள். தெற்குக் கோபுரத்தில் 533 படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே பார்த்துக்கொள்வது நல்லது. அருங்காட்சியகங்களையும் ஞாயிறன்றே முடித்துவிடுங்கள், பல இடங்களில் திங்கள்தான் விடுமுறை.

கேள்வி: தண்ணீர் பாட்டிலுக்கு, போட்டிருந்த விலைக்கு மேல் 25 சென்ட் வாங்கினார்கள். ஏன்?

பதில்: அது வைப்புத்தொகை. காலி பாட்டிலை நசுக்காமல் சூப்பர்மார்க்கெட்டில் உள்ள இயந்திரத்தில் போட்டால் ஒரு சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.