பனூ மக்ஸூம்: ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள்

கேள்வி: மக்ஸூம் என்பவர் யார்? குறைஷிகளோடு என்ன உறவு?

பதில்: மக்காவின் குறைஷிக் கோத்திரத்தில் முர்ரா என்று ஒரு மூதாதை. அவருக்கு மூன்று மகன்கள்: கிலாப், தைம், யகழா. கிலாபின் வழியில் நபி (ஸல்) வருகிறார்கள். தைமின் வழியில் அபூபக்ர் (ரலி). யகழாவின் மகன்தான் மக்ஸூம். அவர் பெயரில்தான் பனூ மக்ஸூம், அதாவது மக்ஸூமின் மக்கள். நபியின் தந்தை அப்துல்லாஹ்வைப் பெற்ற ஃபாத்திமா பின்த் அம்ரும் மக்ஸூம் வீட்டுப் பெண்தான்.

கேள்வி: பாய், காலித் பின் வலீதும் அபூ ஜஹ்லும் சொந்தக்காரர்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை, அதுவும் மிக நெருங்கிய சொந்தம். மக்ஸூம் வம்சத்து முகீரா என்ற பெரியவரின் பிள்ளைகளில் வலீத், ஹிஷாம், அபூ உமய்யா மூவரையும் நினைவில் வையுங்கள். வலீதின் மகன் காலித் (ரலி). ஹிஷாமின் மகன் அம்ர், அவரைத்தான் நாம் அபூ ஜஹ்ல் என்கிறோம். அபூ உமய்யாவின் மகள் ஹிந்த், அதாவது பின்னாளில் நபியின் மனைவியான அன்னை உம்மு ஸலமா (ரலி). நம் முறைப்படி மூவரும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். ஒருவர் 624இல் பத்ர் போரில் இஸ்லாத்தை எதிர்த்து நின்று மடிந்தார். ஒருவர் உஹத் போரில் குறைஷிக் குதிரைப்படையை நடத்திவிட்டு, மக்கா வெற்றிக்கு முன்பே முஸ்லிமாகி 'அல்லாஹ்வின் வாள்' என்று பெயர் வாங்கினார். ஒருவர் இறைநம்பிக்கையாளர்களின் தாய். அபூ ஜஹ்லை மட்டும் வைத்து இந்தக் குடும்பத்தை எடைபோடுவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. அவருடைய சொந்த மகன் இக்ரிமாவே (ரலி) பிறகு முஸ்லிமாகி, போர்க்களத்தில் ஷஹீதானார் (உயிர்த்தியாகியானார்).

கேள்வி: உமர் (ரலி) அவர்களுக்கும் அபூ ஜஹ்ல் மாமனாமே?

பதில்: மாமன் முறைதான். உமரின் தாய் ஹன்தமா, முகீராவின் இன்னொரு மகன் ஹாஷிமின் மகள். ஹாஷிம், ஹிஷாம் என்ற பெயர்கள் குழம்பியதால் சிலர் அவரை அபூ ஜஹ்லின் உடன்பிறந்த தங்கை என்று எழுதிவிட்டார்கள். சித்தப்பா மகனும் நமக்கு அண்ணன் தம்பிதானே, அதனால் எப்படிப் பார்த்தாலும் மாமன்தான்.

கேள்வி: உம்மு ஸலமாவை மதீனாவுக்குப் போகவிடாமல் அவருடைய குடும்பமே தடுத்ததா?

பதில்: ஆம். அவருடைய அப்போதைய கணவர் அபூ ஸலமாவும் மக்ஸூம்காரர்தான். மனைவியையும் குழந்தையையும் ஒட்டகத்தில் ஏற்றி அவர் மதீனாவுக்குக் கிளம்பியபோது, முகீரா வீட்டார் தங்கள் பெண்ணை மறித்துக்கொண்டார்கள். உடனே கணவரின் உறவினர்கள் 'குழந்தை எங்களுடையது' என்று பிடித்து இழுத்தார்கள். ஒரே கோத்திரத்தின் இரண்டு கிளைகளுக்கு நடுவே ஒரு தாய்! ஏறக்குறைய ஓராண்டு தினமும் ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அப்புறம் உறவினர் ஒருவர் மனமிரங்கிப் பேசித்தான் விட்டார்கள். 628இல் ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பிறகு தோழர்கள் மனமுடைந்து எழாமல் இருந்தபோது, 'நீங்கள் போய்ப் பலிப்பிராணியை அறுத்து, தலைமுடியை மழித்துக்கொள்ளுங்கள்' என்று நபிக்கு யோசனை சொன்னவரும் இவரே. அதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து அப்படியே செய்தார்கள்.

கேள்வி: யாஸிர் குடும்பம் மக்ஸூம் வம்சமா?

பதில்: இல்லை. யாஸிர் யமனிலிருந்து வந்து மக்ஸூமின் பாதுகாப்பில் வாழ்ந்தவர். மனைவி சுமைய்யா (ரலி) அந்த வீட்டு அடிமையாக இருந்தவர். அவர்கள் இஸ்லாத்தை ஏற்றதும், காக்க வேண்டியவர்களே வதைத்தார்கள். சுமைய்யாவைக் கொன்றது அபூ ஜஹ்ல். அதே காலத்தில் ஸஃபா குன்றருகே தன் வீட்டை முஸ்லிம்கள் மறைவாகக் கூடுவதற்குக் கொடுத்த இளைஞர் அர்கமும் (ரலி) மக்ஸூம்தான்.

கேள்வி: பிற்காலத்தில் யாராவது?

பதில்: கவிஞர் உமர் பின் அபீ ரபீஆ. அந்தலூஸில் (முஸ்லிம் ஸ்பெயினில்) கவிஞர் இப்னு ஸைதூன். மதீனாவின் ஏழு சட்ட அறிஞர்களில் ஒருவரான ஸயீத் பின் முஸய்யப். இவருடைய பாட்டனார் பெயர் ஹஸ்ன், கரடுமுரடு என்று பொருள். 'ஸஹ்ல்' (இலகு) என்று மாற்றிக்கொள்ளுமாறு நபி (ஸல்) சொன்னபோது, தந்தை வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்றுவிட்டார். அந்தக் கடுமை எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது என்று பேரன் ஸயீத் சொல்வாராம்.