பாட்டரி மேல் பழி போடாதீங்க!

பழைய டூவீலர்: வாசகர் கேள்வி – பதில்

கே: அப்பாவின் 1969 மாடல் ஜாவா 250 வண்டியைச் சரிசெய்து நான் ஓட்டுகிறேன். தினமும் ஸ்ரீராமபுரத்திலிருந்து கோரமங்களா ஆபீஸுக்குப் போய்வருவேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பாட்டரி படுத்துவிடுகிறது. புது பாட்டரி போட்டாயிற்று, ரெகுலேட்டரும் மாற்றியாயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குப் போய்வந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. டைனமோவைக் கழற்றி ரீவைண்டிங் (உள்ளே கம்பிச் சுருளை மறுபடி சுற்றுவது) கொடுக்கணும் என்கிறார் மெக்கானிக். கொடுக்கலாமா?
– வாசகி, ஸ்ரீராமபுரம், பெங்களூரு

ப: கொடுக்காதீங்கம்மா. பதிலை நீங்களே எழுதிட்டீங்க. நந்தி மலை வரைக்கும் போய்வந்தால் பாட்டரி தெம்பா நிற்குதுன்னா டைனமோவுக்கு உயிர் இருக்கு. உயிர் போறது டவுன் ஹாலுக்கும் ஆடுகோடி சிக்னலுக்கும் நடுவுலதான்.

கணக்கைப் பாருங்க. உங்க வண்டி டைனமோ 6 வோல்ட், 45 வாட்ஸ். ஹெட்லைட் 35, டெயில் லைட் 5, பிளக்குக்குப் பொறி தர்ற இக்னிஷன் காயில் தின்கிறது சுமார் 15. கூட்டினால் 55. வரவு 45, செலவு 55! நல்ல ஸ்பீடில் ஓடும்போது டைனமோ தன் அளவுக்கு மேலேயே கொஞ்சம் தள்ளிக் கொடுத்துச் சமாளிக்கும். பகலில் லைட் போடாமல் நந்தி மலை ரோட்டில் போனால் மிச்சமே பிடிக்கும். ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு லைட்டைப் போட்டுக்கிட்டு ரிச்மண்ட் சர்க்கிளில் ஐடிலிங்கில் நின்னா வரவு பூஜ்யம். அப்போ டைனமோவையும் பாட்டரியையும் இணைக்கிற கட்அவுட் சுவிட்ச் திறந்துக்கும், வண்டியில் சார்ஜ் காட்டுற சிவப்பு லைட் எரியும், எல்லாச் செலவும் பாட்டரி தலையில். அது மேல ஹாரன், பிரேக் லைட் வேற. மைசூரு யாதவகிரி ஃபேக்டரியில் இந்த வண்டியைச் செஞ்ச காலத்தில் பெங்களூரில் இத்தனை சிக்னல் ஏது?

இருந்தாலும் என் வார்த்தையை நம்பி விட்டுடாதீங்க, அளந்து பாருங்க. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். பாட்டரியை வெளியே வச்சு ஃபுல் சார்ஜ் பண்ணி, ராத்திரி சும்மா விட்டுட்டு, காலையில் பார்த்தால் 6.3 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. பிறகு வண்டியில் மாட்டி, லைட்டை அணைச்சு, மிதமா ஆக்ஸிலரேட்டர் கொடுத்து பாட்டரி முனையிலேயே பாருங்க. 7-லிருந்து 7.4 வரை ஏறணும். ஏறாமல் 6.3-லேயே நின்னா டைனமோ பக்கம் சந்தேகப்படலாம். 7.5-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் அதிகமா விடுது, பாட்டரித் தண்ணி கொதிச்சே தீர்ந்துடும்.

அடுத்து, யாரும் பார்க்காத இடம் ஒண்ணு இருக்கு. மீட்டரின் ஒரு முனையை பாட்டரி நெகட்டிவிலும் இன்னொரு முனையை எஞ்ஜின் உடம்பில் சுரண்டின இடத்திலும் வச்சு, ஹெட்லைட்டைப் போடுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினால் எர்த், அதாவது பாட்டரியிலிருந்து வண்டி உடம்புக்குப் போற இணைப்பு, சரியில்லை. வண்டிக்குப் புதுசா பெயின்ட் அடிச்சவங்க எர்த் ஒயரை பெயின்ட் மேலேயே முறுக்கியிருப்பாங்க, எனக்குத் தெரிஞ்சு பாதி ‘சார்ஜ் ஏறல’ கேஸ் இதுதான். 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட் போனா பெரிசாத் தெரியாது. 6 வோல்ட்டில் அதுவே பெரிய பங்கு.

எல்லாம் சரியா இருந்தா செலவைக் குறைங்க. டெயில் பல்பு, ஸ்பீடோமீட்டர் பல்பு ரெண்டையும் 6 வோல்ட் எல்.இ.டி.யா மாத்துங்க. சிக்னல் நீளமா இருந்தா எஞ்ஜினை நிறுத்தி, மறக்காம சாவியையும் எடுங்க. காயில் கரண்டைத் திறந்து மூடுற பாயின்ட், மூடின நிலையில் எஞ்ஜின் நின்னு, சாவி போட்டபடி இருந்தால் காயில் சும்மாவே கரண்டைக் குடிச்சுச் சூடாகும். வாரம் ஒரு ராத்திரி வீட்டுச் சார்ஜரில் 1 ஆம்பியருக்கு மிகாமல் போடுங்க. வண்டியை 12 வோல்ட்டுக்கு மாத்துற கிட் போடறதும் தப்பில்லை, தினசரி ஓட்டறவங்களுக்கு அது நியாயம்தான். ஆனா கழற்றின பழைய டைனமோவைக் காயலான் கடைக்குப் போடாதீங்க, துணியில் சுத்திப் பரண் மேல வைங்க.

கே: என்னுடையது பழைய 6 வோல்ட் புல்லட். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் இருமிக்கொண்டே நின்றுவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். பிளக், காயில் இரண்டும் புதிது. பாட்டரியும் மாற்றச் சொல்கிறார்கள்.
– ஐ.டி.ஐ.யில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கிருஷ்ணராஜபுரம்

ப: பாட்டரி பாவம் சார், அதை விட்டுடுங்க. காலையில் ஒரே உதையில் எடுக்கிற பாட்டரி பத்து கிலோமீட்டர் தள்ளிச் சாகாது.

முதல்ல காசில்லாத வைத்தியம். வண்டி நின்ன உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மூடிட்டு உதைங்க. உடனே ஓடினால் மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைச்சிருக்கு, இக்னிஷனைத் தொடவே வேண்டாம்.

அப்படியும் ஓடலைன்னா, உங்க ஹெட்லைட் மேல உட்கார்ந்திருக்கே, கரண்டு ஓட்டத்தைக் காட்டுற ஆம்மீட்டர், அதைக் கேளுங்க. அதை அழகுக்குன்னு நினைக்கிறவங்கதான் அதிகம். எல்லா லைட்டையும் அணைச்சு, சாவியைப் போட்டு, எஞ்ஜின் அழுத்தத்தை விடுவிக்கிற டிகம்ப்ரெஷன் லீவரைப் பிடிச்சுக்கிட்டு கிக்கரை மெல்ல மெல்ல அழுத்துங்க. பாயின்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயணும், திறக்கும்போது நடுவுக்கு வரணும். இப்படிச் சாய்ஞ்சு நிமிர்ந்தால் காயில் வரைக்கும் கரண்டு வருது, பாயின்ட்டும் திறந்து மூடுது. முள் அசையவே இல்லைன்னா சாவி சுவிட்ச், ஒயர், அழுக்குப் பிடிச்ச பாயின்ட் இதில் ஒண்ணு. மைனஸிலேயே ஒட்டிக்கிட்டு நின்னால் பாயின்ட் திறக்கலை, இல்லைன்னா பாயின்ட்டில் பொறி பறக்காம காக்கிற கண்டென்சர் உள்ளுக்குள்ளே ஷார்ட். இதை வண்டி சூடா, நின்ன இடத்திலேயே பார்க்கணும் சார். வீட்டுக்குத் தள்ளிட்டு வந்து ஆறினப்புறம் பார்த்தால் எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும்.

முள் ஒழுங்கா ஆடியும் பிளக்கில் பொறி இல்லைன்னா, நீங்க எழுதின அடையாளத்துக்கு என் பந்தயம் கண்டென்சர் மேல. பாயின்ட் மூடியைத் திறந்து, நிழலான இடத்தில் ஒருத்தரை உதைக்கச் சொல்லிப் பாருங்க. பாயின்ட்டுக்கு நடுவுல கொழுத்த மஞ்சள் பொறி பறந்தால் கண்டென்சர் போச்சு, சின்னதா நீலமா மினுக்கினால் நல்லது. பழசைக் கழற்றிட்டு, புதுசை வெளியிலேயே ஒரு துண்டு ஒயரில் பாயின்ட் முனையிலும், அதன் உடம்பு எர்த்திலும் படும்படி கட்டி ஓட்டிப் பாருங்க. அதுக்கு உட்கார வேண்டிய இடத்தில்தான் உட்காரணும்னு பிடிவாதம் கிடையாது. ஜே.சி. ரோட்டில் விலை கம்மின்னு வாங்குற கண்டென்சர்களில் பெட்டியிலேயே செத்தது உண்டு. ஆகவே ரெண்டா வாங்குங்க. காயிலும் சூட்டில் மடங்கும்தான், ஆனா நீங்க அதைப் புதுசா மாத்தியாச்சு.

பாயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, மணல் தங்கிடும். மெல்லிய அரத்தால் ரெண்டு இழுப்பு, பிறகு விசிட்டிங் கார்டைப் பெட்ரோலில் நனைச்சு நடுவுல விட்டு இழுங்க. இடைவெளி 0.015 அங்குலம், ஃபீலர் கேஜ் வச்சு. கண்ணளவு வேண்டாம்.

கே: கே.ஜி.எஃப்.பில் சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் பல வருஷம் நின்ற யெஸ்டி 250-ஐ பெங்களூருக்குக் கொண்டுவந்தேன். எஞ்ஜின் ஓடுகிறது. எவ்வளவு முறுக்கினாலும் சார்ஜ் சிவப்பு லைட் அணையவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், மர்ஃபி டவுன்

ப: தம்பி, வலது பக்க மூடியைக் கழற்றுங்க. முதல்ல எண்ணெய் வழிஞ்சிருக்கான்னு பாருங்க. கிராங்க் ஆயில் சீல் காய்ஞ்சு வெடிச்சிருந்தால் எண்ணெய் கசிஞ்சு டைனமோவில் கரண்டை எடுக்கிற கார்பன் பிரஷ், பாயின்ட் ரெண்டையும் குளிப்பாட்டியிருக்கும். சீலை மாத்தாமல் மத்ததைச் சுத்தம் பண்றது வீண். பிரஷ் தேய்ஞ்சு குட்டையாகி, ஸ்பிரிங் அழுத்தாமல் இருக்கலாம், கூட்டுக்குள்ள சிக்கிக்கிட்டும் இருக்கலாம். பிரஷ் உரசுற கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் மிக நைசான தாளால் துடைச்சு, செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கிற கரித்தூளைக் கூரான மரக்குச்சியால் எடுங்க.

இத்தனைக்கும் அப்புறம் சிவப்பு லைட் எரிஞ்சால் டைனமோ காந்தத்தை மறந்திருக்கும். இதில் நிரந்தரக் காந்தம் கிடையாது. இரும்பில் ஒட்டிக்கிட்டு இருக்கிற கொஞ்சம் காந்தத்தை வச்சுத்தான் தானே கரண்டை எழுப்பும். வருஷக்கணக்கா நின்ன வண்டியில் அது தேஞ்சு போறது சகஜம். எஞ்ஜின் நின்னபடி, நல்ல பாட்டரி மாட்டி, ரெகுலேட்டர் பெட்டியில் கட்அவுட் பாயின்ட்டை விரலால் ஒரு நொடி அழுத்தி விடுங்க. பாட்டரிக் கரண்டு டைனமோவுக்குள்ள பாய்ஞ்சு காந்தம் திரும்பும். ஒரு நொடிதான், பிடிச்சுக்கிட்டே நிக்காதீங்க. பாட்டரி மாட்டும்போது எந்த முனை எர்த்னு பார்த்துக்குங்க, ஜாவா, யெஸ்டியில் நெகட்டிவ்.

கே: தாத்தா மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பி.எஸ்.ஏ. எம்20 இருக்கிறது. பிளக்கில் பொறியே வருவதில்லை. புது பாட்டரி வாங்கிப் போட்டும் பயன் இல்லை.
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

ப: பாட்டரியை மகன் சைக்கிள் ஹாரனுக்குக் கொடுங்க. உங்க வண்டியில் இருப்பது லூகாஸ் மேக்டைனோ. மேலே டைனமோ, கீழே மேக்னட்டோ. டைனமோ லைட்டுக்கும் பாட்டரிக்கும் மட்டும். பொறி மேக்னட்டோவில் இருந்து வருது, பாட்டரியே இல்லாமல் ஓடும். இரண்டாம் உலகப் போருக்குச் செஞ்ச வண்டி, பாட்டரியை நம்பினால் ஆகுமா?

பாயின்ட் இடைவெளி 0.012 அங்குலம், புல்லட்டை விடக் குறைவு. பொறிக் கரண்டை வெளியே எடுக்கிற பிக்அப்பைக் கழற்றி, துளைக்குள்ள துணி சுத்தின பென்சிலை விட்டு எஞ்ஜினைச் சுத்தி, பிக்அப் உரசுற ஸ்லிப் ரிங்கைத் துடைங்க. பிக்அப் கார்பன் உடைஞ்சிருக்கான்னும் பாருங்க. இதுக்கும் வரலைன்னா உள்ளே சுத்துற ஆர்மேச்சரோட கண்டென்சர் போயிருக்கும். அதை மாத்த மேக்னட்டோவைப் பிரிக்கணும், காந்தத்தைத் திரும்ப ஏத்தணும். இந்த வேலை தெரிஞ்ச கையில் மட்டும் கொடுங்க.

கே: யமஹா ஆர்.எக்ஸ்.100-இல் ஹெட்லைட் பல்பு அடிக்கடி பியூஸ் ஆகிறது.
– கல்லூரி மாணவர், சிவாஜிநகர்

ப: பாட்டரி இல்லாமல் ஓட்டறீங்களா? நல்ல பாட்டரி ஒண்ணு போடுங்க. பிறகு பல்பு ஹோல்டரில் மீட்டரை ஏ.சி. வோல்ட் அளவில் வச்சு ஆக்ஸிலரேட்டரை முறுக்குங்க. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர், அதோட எர்த் ரெண்டையும் பாருங்க. அதிக வாட்ஸ் பல்பு போட்டு ஏமாத்தாதீங்க.

கே: மழைக்காலத்தில் மட்டும் என் ஜாவா மிஸ்ஸிங் அடிக்கிறது. எதை மாற்ற வேண்டும்?
– ஆட்டோ டிரைவர், அல்சூர்

ப: இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்கண்ணே. ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சு, வண்டியை ஓடவிட்டு, பிளக் ஒயர் மேலயும் கேப் மேலயும் தண்ணி தெளிச்சுப் பாருங்க. நீலமா ஊர்ந்து உடம்புக்குப் பாயுற இடம் கண்ணுக்குத் தெரியும். கை வைக்காதீங்க. அந்த ஒயரையும் கேப்பையும் மட்டும் மாத்தினால் போதும், ஒயர் செம்பு நரம்பு உள்ளதா இருக்கணும். கேப்புக்குள்ள ஒயர் நுழையற இடத்தில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவிடுங்க.