டெஸ்டோஸ்டிரோன் ஊசி யாருக்கு? வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: வயது 52. எடை 91 கிலோ. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. எந்நேரமும் அசதியாக இருக்கிறது. அலுவலகம் முடிந்து மாலை ஆறு மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் 248 என்று வந்திருக்கிறது. உடனே ஊசி போட்டுக்கொள் என்கிறார் நண்பர். போடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பொறுங்கள். மாலை ஆறு மணி ரத்தத்தை வைத்து இதை முடிவு செய்யவே கூடாது. டெஸ்டோஸ்டிரோன் என்ற இந்த ஆண் ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும். சாப்பிட்டாலும் குறையும். அதனால் காலை 7 மணிக்கு மேல் 10 மணிக்குள், காபிகூடக் குடிக்காமல், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். குறைவாக வந்தால் சில வாரம் கழித்து, வேறொரு நாள் காலையில், அதே மாதிரி மறுபடியும். இரண்டு முறையும் குறைந்திருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரத்திலோ, ஆபரேஷன் முடிந்த கையோடோ எடுக்க வேண்டாம். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். பல லேப் இயந்திரங்களில் அது அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டிவிடும்.

எண் மட்டும் நோயாகிவிடாது. காலை விறைப்பு நின்றுபோவது, ஆசை குறைவது, உறவின்போது விறைப்பு வராதது: இவைதான் டெஸ்டோஸ்டிரோன் குறைவோடு நெருக்கமாகச் சேர்ந்து வரும் அறிகுறிகள். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயதுவரை உள்ள மூவாயிரத்துச் சொச்சம் ஆண்களைப் பார்த்து 2010-இல் வெளியான ஆய்வில், அறிகுறி, அளவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது உண்மையான குறைபாடு 2.1 சதவீதம் பேருக்கே இருந்தது. வெறும் அசதிக்குத் தைராய்டு, ரத்தசோகை, கட்டுக்கடங்காத சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, மனச்சோர்வு என்று வேறு பல காரணங்கள் உண்டு. அவற்றை முதலில் பாருங்கள்.

உங்கள் எடைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த ஹார்மோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் ரத்தத்தில் ஓடுகிறது. தொப்பையும் சர்க்கரையும் இருந்தால், அந்தப் புரதங்களில் ஒன்றான எஸ்.எச்.பி.ஜி. குறைந்துவிடும். மொத்த அளவும் கூடவே குறைந்து தெரியும். ஆனால் உடல் நேரடியாகப் பயன்படுத்தும் 'ஃப்ரீ' டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருக்கலாம். ஆகவே எஸ்.எச்.பி.ஜி.யையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு காலையும் குறைவென்றால் அடுத்து விரையை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களையும், பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டினையும் பார்க்க வேண்டும். எல்.எச். உயர்ந்திருந்தால் கோளாறு விரையில். எல்.எச். குறைவாகவோ நார்மலாகவோ இருந்தால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து போதிய கட்டளை வரவில்லை என்று அர்த்தம். டெஸ்டோஸ்டிரோன் 150-க்கும் கீழே போனாலோ, புரோலாக்டின் உயர்ந்தே இருந்தாலோ பிட்யூட்டரியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் ஊசியை ஆரம்பித்தால் அங்கே இருக்கும் கட்டி கண்ணில் படாமலே போகும். ஊசி போட்ட பிறகு எல்.எச். தானாகவே இறங்கிவிடுவதால், பின்னால் காரணம் தேடுவதும் கஷ்டம்.

கேள்வி: என் கணவருக்கு வயது 66. சில வருடங்களுக்கு முன் ஸ்டென்ட் வைத்தது. ஓராண்டாக 1000 மி.கி. ஊசி போடுகிறார். இந்த முறை ஹீமோகுளோபின் 18.4, ஹீமடோக்ரிட் 55 என்று வந்திருக்கிறது. 'ரத்தம் நல்லா ஊறியிருக்கு' என்று சந்தோஷப்படுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. ராத்திரியெல்லாம் குறட்டை வேறு.
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஹீமடோக்ரிட் என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும். 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, அளவு இறங்கும்வரை காத்திருப்பதுதான் விதி. அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்டிவிடுங்கள். வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் ரத்தம் கொடுத்திருந்தாலும் கொஞ்சம் கூடித் தெரியும், அதையும் சொல்லுங்கள். மறுபடி தொடங்குவதென்றால் ஊசிக்கு ஊசி இடைவெளியைக் கூட்டியோ தோலில் பூசும் ஜெல்லுக்கு மாறியோ குறைந்த அளவில் தொடங்குவார்கள்.

குறட்டையைச் சாதாரணமாக விடாதீர்கள். தூக்கத்தில் மூச்சு நின்றால் ஆக்சிஜன் குறையும், அதுவே சிவப்பணுவைக் கூட்டும். தூக்கப் பரிசோதனை செய்து, தேவையானால் தூங்கும்போது காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் சிபேப் கருவி வைத்த பிறகே ஹார்மோனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதயத்தைப் பற்றி: 2023-இல் வெளிவந்த டிராவர்ஸ் ஆய்வில், இதயநோய் உள்ள அல்லது அதற்கு வாய்ப்பு அதிகமுள்ள, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த, 45 முதல் 80 வயதுவரையான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களில் பாதிப்பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல், பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்று ஜெல் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் மரணம் மூன்றும் சேர்ந்து மருந்து எடுத்தவர்களில் 7.0, வெற்று ஜெல் பூசியவர்களில் 7.3 சதவீதம், அதாவது மருந்தால் கூடவில்லை. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறும், நுரையீரலில் ரத்தக்கட்டியும், திடீர் சிறுநீரகப் பாதிப்பும் மருந்து எடுத்தவர்களிடம் அதிகம். எலும்பு முறிவும் அதிகம், இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. எனவே உண்மையான குறைபாடு உள்ளவருக்கு இது மருந்து. இளமை திரும்புவதற்கான டானிக் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். மற்றவர்களும் தொடங்கும் முன், 3 முதல் 6 மாதத்துக்குள், பிறகு வருடம் ஒருமுறை ஹீமடோக்ரிட் பார்க்க வேண்டும். புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ.யை, மருந்து தொடங்கும் முன்பும் முதல் வருடத்திலும் பாருங்கள். அது ஒரு வருடத்துக்குள் தொடக்க அளவைவிட 1.4-க்கு மேல் கூடினால் யூராலஜிஸ்ட்டிடம் போக வேண்டும்.

கேள்வி: வயது 31. ஜிம்மில் சொன்னார்கள் என்று எட்டு மாதமாக வாராவாரம் 250 மி.கி. ஊசி. கல்யாணமாகி இரண்டு வருடம். விந்துப் பரிசோதனையில் அணுவே இல்லை என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: ஊசிதான் காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடுகிறது. ரத்தத்தில் அளவு ஏராளமாக இருந்தாலும் விரைக்குள்ளே ஹார்மோன் வறண்டுவிடும், விந்தணு உருவாகாது. உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மி.கி. ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்தது. 1990-இல் வெளியான அந்த ஆய்வில் 271 பேரில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு பூஜ்யமானது. நீங்கள் போட்டது அதைவிட அதிகம்.

நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும். ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். நிறுத்திய சில வாரங்கள் சோர்வும் எரிச்சலும் வரும், அதற்குப் பயந்து மறுபடி ஊசியைத் தொடாதீர்கள். விரையை மறுபடி தூண்ட எச்.சி.ஜி. ஊசியோ குளோமிஃபீன் மாத்திரையோ தரலாமா என்பதை ஆண்மலட்டுத்தன்மை பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார். என்ன ஊசி, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனைவியைத் தேவையில்லாத பரிசோதனைகளுக்கு அலைய விடாதீர்கள்.

கேள்வி: வயது 63. பரிசோதித்து ஜெல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எப்படிப் பூசுவது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரு சதவீத ஜெல் என்றால் 5 கிராம் சாஷேயில் 50 மி.கி. மருந்து இருக்கும். காலையில் குளித்து, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு தோள், மேற்கை அல்லது வயிற்றில் மெல்லிசாகப் பரப்புங்கள். பிறப்புறுப்பில் பூசக் கூடாது. ஐந்து நிமிடம் காயட்டும். அதில் ஆல்கஹால் இருப்பதால் காயும்வரை விளக்கருகே, அடுப்பருகே போக வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐந்தாறு மணி நேரம் மறுபடி குளிக்க வேண்டாம்.

இனி முக்கியமான ஒன்று. நம் வீடுகளில் வெயிலுக்கு வேட்டியோடு, வெற்று மேலோடு ஈஸிசேரில் சாய்ந்திருப்போம். பேரக்குழந்தை ஓடிவந்து தோளில் முகம் வைத்துத் தூங்கும். அந்தக் கன்னத்தின் வழியே மருந்து குழந்தைக்குள் போகும். இரண்டு மூன்று வயதிலேயே மர்ம உறுப்பில் முடி முளைப்பதும், எலும்பு முன்கூட்டியே முதிர்வதும் இப்படித்தான் வருகிறது. பெண்களுக்கு முகத்தில் முடியும் முகப்பருவும் வரும். பூசி முடித்தால் சட்டை கட்டாயம். குழந்தையைத் தூக்கும் முன் பூசிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துண்டைத் தனியாக வையுங்கள்.

ரத்தம் கொடுக்கும்போது ஜெல் பூசிய கையை நீட்டாதீர்கள். தோலில் உள்ள மருந்தும் ஊசியோடு சேர்ந்து அளவு தப்பாக வரும்.

கேள்வி: முருங்கைக்காய் சாப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோன் ஏறுமா?
– வாசகர், தேனி

பதில்: ஏறும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை. காய் நல்ல காய், சாப்பிடுங்கள். தூக்கத்துக்குச் சான்று உண்டு: சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. எடை குறைத்தாலும் அளவு ஏறும். தசைக்கு வாரம் இரண்டு மூன்று நாள் பளு தூக்குங்கள். ஜிம் இல்லையென்றால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையே பத்துப் பத்தாக மூன்று சுற்று செய்யலாம்.